மூன்று ஞாயிறும் ஒரு ஹாப்சிகோட்டும்

"ஜனேலய வஹன்ன, மிஸ்."

ஜன்னலை மூடச் சொல்லி ஒரு குரல்... அதுவும் கட்டளையாக. ஷாமிளா கொக்கியில் வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

உயரமாக ஒருவன் நின்றான். முழங்கை வரை மடித்துவிட்ட கறுப்புச் சட்டை. கையில் ஏதோ ஒரு சாவி. அந்தக் கண்கள்... கோபப்படும்போதும் அகலமாக, பளபளவென்று, இப்போதுதான் மழையில் நனைந்து வந்தவை போல இருந்தன. உண்மையில் நனைந்து வந்தவள் அவள்தான். புளத்கொகுபிட்டிய டவுனுக்கு இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட் எல்லையில் இருந்த பழைய கல் சர்ச்சுக்குள் ஓடி வந்து ஒதுங்கியிருந்தாள். உள்ளே நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே புழுக்கம்.

"ஹுஸ்ம கன்ன பே," என்றாள் அவளும் சிங்களத்தில். மூச்சு விட முடியவில்லை, அதனால்தான் திறந்தேன்.

ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டலாம், அந்தப் பெட்டிக்கு ஈரக்காற்றுப் படக்கூடாது என்று அவன் மேடைப்பக்கம் கையைக் காட்டினான். அப்படியானால் பெட்டிக்கு இருக்கிற மரியாதை மனிதர்களுக்கு இல்லையா என்று அவள் கேட்டாள். மனிதர்கள் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், இது நனைந்தால் இன்றைக்குக் கச்சேரியே இல்லை என்றான் அவன். எல்லாம் சிங்களத்தில், ஒருவருக்கொருவர் சளைக்காமல்...

நடுவில் அவளுடைய ஃபோன் அடித்தது.

"அம்மா... இல்லம்மா, நனையல. மேல சர்ச்சுல ஒதுங்கி நிக்கிறேன். இங்க ஒருத்தன் ஜன்னல் தொறந்ததுக்குப் போட்டு உயிர வாங்குறான். சரிம்மா, வச்சிர்றேன்."

நிமிர்ந்தபோது அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த ஒருத்தன் தமிழ்தாங்க."

ஷாமிளாவுக்குக் காது மடல் சூடானது. ஆனாலும் விடவில்லை. "சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க சொல்லல. இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் கஷ்டப்பட்டு சிங்களத்துல சண்ட போட்டிருக்கோம்."

"கஷ்டப்பட்டா? எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே. நல்லாத்தான் போட்டேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பிறகு எட்டி அவள் கைக்கு மேலே இருந்த கொக்கியைப் பிடித்து ஜன்னலை மெல்லச் சாத்தினான். ஒரு கணம்... ஒரே கணம்தான், அவன் சட்டையில் மரப்பொடியும் மெழுகும் கலந்த வாசனை வந்தது.

"மழைக்கு வந்ததுதான் வந்தீங்க. இருந்து கேட்டுட்டுப் போங்க. அதுக்கப்புறமும் கோவம் இருந்தா நானே தொறந்து விடுறேன்."

அவன் பெயர் அஜந்தன். அந்தப் பெட்டியின் பெயர் ஹாப்சிகோட். பியானோவுக்கு முந்திய காலத்துக் கருவி. ஒல்லாந்திலிருந்து வந்த ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று முந்நூறு வருடத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே வாசித்துக்கொண்டு மலைநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஞாயிறு, மூன்று ஊர். ஹாப்சிகோட்டை மட்டும் கொழும்பிலிருந்து எடுத்திருந்தார்கள். அதற்குச் சுருதி சேர்த்து, வேனில் ஏற்றி இறக்கி, குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வது அஜந்தனின் வேலை. இதையெல்லாம் குழுத்தலைவி எலன் என்ற வெள்ளைக்கார அம்மா மேடையில் ஆங்கிலத்தில் சொல்ல, ஷாமிளா பின்வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள்.

பிறகு இசை தொடங்கியது.

இவ்வளவு சின்னதாகவா ஒரு சத்தம் இருக்கும்... அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. வயலின்களுக்கு ஆட்டுக்குடலில் திரித்த தந்தி. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம் ஒன்று மனிதக்குரல் போல முனகியது. மரப் புல்லாங்குழலில் வாசிப்பவரின் மூச்சுக்காற்றும் சேர்ந்தே கேட்டது. அவற்றுக்கு அடியில் ஹாப்சிகோட் சில்லென்று, கண்ணாடி வளையல்களைக் குலுக்கிய மாதிரி ஓடியது. சத்தம் சின்னது என்பதால் நூறு பேரும் மூச்சை அடக்கி முன்னால் சாய்ந்தார்கள். அவளும் சாய்ந்தாள். வாரத்தில் ஆறு நாளும் எந்திரங்களின் இரைச்சலில் நிற்கிறவளுக்கு, ஒரு சத்தத்தைத் தேடிப் போய்க் கேட்பது புதிதாக இருந்தது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முடிச்சு தானாகவே அவிழ்வது போல...

கண்ணைத் திறந்தபோது தூணருகில் நின்ற அஜந்தன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று ஹாப்சிகோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கச்சேரி முடிந்ததும் வந்தான். "ஜன்னல் தொறக்கணுமா?"

"வேணாம். அடுத்த ஞாயிறு எங்க?"

"அரநாயக்க. மூணு மணிக்கு. தூரங்க, ரெண்டு பஸ் மாறணும்."

"தூரத்தப் பத்தி நான் கேக்கலையே," என்று சொல்லிவிட்டு மழை விட்ட பாதையில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஷாமிளாவுக்கு இருபத்தேழு வயது. எஸ்டேட் தேயிலை பெக்டரியில் ஒபிசர். அந்த வேலையில் அங்கே இருந்த முதல் பெண் அவள்தான். வந்த புதிதில், பெண்ணுக்கு மெஷின் தெரியுமா என்று கேட்டவர்கள் ஆறு மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். காரணம் அவளுடைய காது. கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ரோலரில் நிற்கும் ஏழுமலை அண்ணன்கூட, "மிஸ் கேட்டுட்டுச் சொல்லட்டும், அப்புறம் கழட்டுவோம்" என்பார்.

அந்த வாரம் முழுவதும் அந்தக் காதுக்குள் ஹாப்சிகோட் ஓடியது. கண்ணுக்குள் வேறு ஏதோ ஓடியது.

வீட்டில் அம்மா மல்லிகா ஃபோனில் ஒரு படத்தை நீட்டினாள். "ஹட்டன் பேங்குல வேல. நல்ல குடும்பம். வந்து பாக்கட்டுமா, வேணாமா? ஒரு பதில் சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"நீ யோசிக்கிறதுக்குள்ள அவருக்கு ரிடையர் வந்துரும்."

அடுத்த ஞாயிறு கேகாலை போய், மாவனல்லையில் பஸ் மாறி, அரநாயக்கவில் இறங்கினாள். சில வருடங்களுக்கு முன் மண்சரிவு நடந்த பக்கம் இன்னும் செம்மண்ணாகத் தெரிந்தது. பள்ளிக்கூட ஹோலில் கச்சேரி. துணைக்கு அவளுடைய சிநேகிதி நுஸ்ஹாவும் வந்திருந்தாள். புளத்கொகுபிட்டிய டவுனில் நுஸ்ஹாவின் வீட்டாருக்குத் துணிக்கடை.

"இசை கேக்கவா இவ்வளவு தூரம்? அந்த நீலச் சல்வார அதுக்கா அயர்ன் பண்ணின?" என்றாள் நுஸ்ஹா.

"பேசாம வா."

வாசலில் அவர்களைக் கண்டதும் அஜந்தனின் முகம் மலர்ந்தது. மறைக்கக்கூட முயலவில்லை. முதல் வரிசையில் ஓரமாக இரண்டு நாற்காலிகளில் ஏற்கனவே கைக்குட்டையும் ஒரு நோட்டும் வைத்து இடம் பிடித்திருந்தான்.

"ரெண்டு எதுக்கு?"

"தனியா வந்தா ஒண்ணு எனக்கு," என்றான் மெதுவாக. நுஸ்ஹா இருமினாள்.

கச்சேரி தொடங்குவதற்குள் அஜந்தன் அவளுடைய பெயரையும் எஸ்டேட்டையும் பெக்டரி வேலையையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... இடைவேளை வரை.

முதல் பாதியின் கடைசியில் ஹாப்சிகோட்டில் ஏதோ ஒன்று ஷாமிளாவின் காதைக் கிள்ளியது. மேல்பக்கத்தில் ஒரு சுரம். அது வரும்போதெல்லாம் "வூம்... வூம்..." என்று ஒரு அசைவு. தேய்ந்த பெயாரிங் சுற்றுகிற மாதிரி. இடைவேளையில் நேரே அவனிடம் போனாள். எலன் அம்மாவும் மற்ற வாத்தியக்காரர்களும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"அதுல ஒரு கம்பி எறங்கியிருக்குங்க. மேல, வலது பக்கம்."

அவன் சிரித்தான். "அது அப்படித்தாங்க. இந்தக் காலத்துச் சுருதிய விட அர சுரம் கீழ வச்சிருக்கோம். பழகாத காதுக்கு எறங்கின மாதிரிதான் இருக்கும்."

"மொத்தச் சுருதியச் சொல்லல. ஒரே ஒரு கம்பி. அலை மாதிரி அடிக்குது."

எலன் அம்மா என்னவென்று கேட்டார். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "ஒன்றுமில்லை. இவர் தேயிலை பெக்டரியில் வேலை. ரோலர் சத்தத்தில் இருந்து பழகிய காது."

இரண்டு பேர் சிரித்தார்கள். கேலியாக இல்லை, மரியாதைக்குத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ஷாமிளாவின் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. அவளுக்கு ஆங்கிலம் புரியும் என்பதை அவன் மறந்துவிட்டானா... அல்லது புரிந்தால் என்ன என்று நினைத்தானா?

"அந்தக் காதுதான் எனக்குச் சோறு போடுது," என்று ஆங்கிலத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள். "வா நுஸ்ஹா, போவோம்."

பின்னாலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. மாவனல்லை வரை பஸ் ஜன்னலில் வழிந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுஸ்ஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில், "அம்மா, அந்த ஹட்டன்காரங்கள வரச் சொல்லுங்க," என்றாள்.

மல்லிகா அடுப்பைக்கூட அணைக்காமல் ஃபோனை எடுத்தாள். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வருவதாகப் பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு... மூன்றாவது கச்சேரியும் அன்றைக்குத்தான். பலாங்கொடையில். நல்லதுதான், போக வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணி. பெக்டரியில் நாலு ரோலரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஏழுமலை அண்ணன் வந்து காதருகே கத்தினார்.

"மிஸ், ஒங்களப் பாக்க ஒருத்தர் வந்திருக்காரு. கேட்ல சிங்களத்துல பேசுனாரு, உள்ள வந்து தமிழ்ல பேசுறாரு."

அஜந்தன் வாசலில் நின்றான். தலை முதல் கால் வரை நனைந்து. கறுப்புச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கொழுந்து வாசனைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"என்ன மன்னிச்சிருங்க," என்றான்.

அவளுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. இந்த இரைச்சலில் அவள் கேட்காத சத்தம் எது?

"என்ன?" என்றாள் காதில் கை வைத்து.

"மன்னிச்சிருங்கன்னு சொன்னேன்."

"கேக்கல."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினான். "அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. மன்னிச்சிருங்க." அந்த நேரம் பார்த்து ஏழுமலை அண்ணன் ரோலர்களின் சுவிட்சை அணைத்துவிட்டார். பெக்டரி முழுவதும் அவன் குரல் எதிரொலித்தது. கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்று பார்த்தார்கள்.

அவன் முகம் சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி. ஒரு சுரத்துக்கு ரெண்டு கம்பி இருக்கும். அதுல ஒண்ணோட ஆணி தளந்து கம்பி எறங்கியிருந்துச்சு. நீங்க போனதுக்கு அப்புறந்தான் பாத்தேன். எலன் அம்மாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன், நான்தான் தப்புன்னு. ஆனா ஒங்களப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசுனேன். அதனால எல்லார் முன்னாடியும் கேக்கணும்னுதான் வந்தேன்."

கூரையில் மழை மட்டும்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் ஷாமிளா. இப்போது மெதுவாக.

அவன் கண்ணை விலக்காமல் பதில் சொன்னான். பொய் சொல்லத் தேடுகிற மாதிரி இல்லை. "நான் பலாங்கொட எஸ்டேட்ல, தொழிலாளர் லயத்துல வளந்தவன். கொழும்புல வேல பழகப் போனப்போ, தோட்டத்துப் பையனுக்குக் காது இருக்குமான்னு கேட்டாங்க. பத்து வருஷம் ஆச்சு எனக்குக் காது இருக்குன்னு காட்ட. இப்ப அந்தக் கூட்டத்துல என்னத்தான் கேப்பாங்க. திடீர்னு நீங்க வந்து எனக்குக் கேக்காதத கேட்டுட்டீங்க... பயந்துட்டேங்க. எங்கிட்ட கேட்டதையே நான் ஒங்ககிட்ட கேட்டுட்டேன். அதுதான் எனக்குத் தாங்கல."

ஷாமிளா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் இமையில் ஒரு துளி மழைநீர் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள்... காணவில்லை.

"ஏழுமலை அண்ணே, இவருக்கு ஒரு டீ குடுங்க," என்றாள். "நல்ல தூள்ல."

அவன் டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கோப்பையை வாங்கும்போது கேட்டாள். "பலாங்கொடைலயும் மூணு மணிக்குத்தானா?"

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, ஹட்டன்காரங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிறேன். கோவத்துல வரச் சொன்னேன். அது அவங்களுக்குச் செய்ற மரியாத இல்ல."

மல்லிகா வெட்டிக்கொண்டிருந்த பலாக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "யார் மேல கோவம்?"

"ஒருத்தர் மேல."

"ஜன்னலுக்கு உயிர வாங்குனவனா?"

ஷாமிளா திகைத்துப் போனாள். அம்மா மறக்கவே இல்லை.

"என்ன வேல பாக்குறான்?"

"ஹாப்சிகோட்டுக்குச் சுருதி சேர்க்கிறாரும்மா."

"அப்படின்னா?"

"பழைய காலத்துப் பியானோ மாதிரி..."

"இந்த நாட்டுல அது எத்தன இருக்கு?"

"ரொம்பக் கொஞ்சம்தான்மா. பியானோவுக்கும் பாப்பாராம்."

மல்லிகா மகளின் முகத்தைப் பார்த்தாள். எந்த மாப்பிள்ளைப் படத்துக்கும் அந்த முகம் இப்படி இருந்ததில்லை. "ஹட்டனுக்கு நானே பேசுறேன்," என்று சொல்லிப் பலாக்காயை மறுபடியும் இழுத்துக்கொண்டாள். "ஒனக்கு மரியாதயா பேச வராது."

மூன்றாவது ஞாயிறு. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை... நாலு மணி நேரப் பயணம். நுஸ்ஹாவைக் கூப்பிடவில்லை. தனியாகவே போனாள்.

டவுனுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா. நீண்ட ஹோலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியே சரிவு முழுவதும் தேயிலை. மழை வருவதா வேண்டாமா என்று மேகம் யோசித்துக்கொண்டிருந்தது. எலன் அம்மா அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அன்றைக்கு இரண்டாம் பாதியைக் காப்பாற்றியது நீங்கள்தான்," என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

கச்சேரி தொடங்கப்போனது. அஜந்தன் வழக்கம் போல ஓரமாக, ஹாப்சிகோட்டைப் பார்த்தபடி நின்றான்.

"நீங்க எப்பவும் நின்னுக்கிட்டேதான் கேப்பீங்களா?"

"கேக்கிறதே இல்லைங்க. எந்தக் கம்பி எப்ப எறங்கும்னு பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். ஒரு கச்சேரியும் முழுசா கேட்டதில்ல."

"உக்காருங்க," என்றாள் பக்கத்து நாற்காலியைக் காட்டி. "கம்பிய நான் பாத்துக்கிறேன்."

அவன் தயங்கினான். பிறகு உட்கார்ந்தான்.

வேகமான ஒரு பகுதியோடு ஆரம்பித்தார்கள். வயலின்கள் ஒன்றையொன்று துரத்தின, புல்லாங்குழல் நடுவில் புகுந்து ஓடியது. அஜந்தனின் தோள் முதலில் விறைப்பாக இருந்தது. மெல்ல மெல்ல இளகியது. ஒரு இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பத்து வருடமாகக் காவல் நின்ற ஒருவன் முதல்முறையாகக் கேட்கிறான்.

அந்தப் பகுதி முடிந்தது. எல்லாப் பகுதிகளும் முடியும்வரை கை தட்டக்கூடாது என்று எலன் அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். ஹோல் முழுவதும் அமைதி. வயலின் வில்லை மடியில் வைத்து ஒருவர் ஆணியைத் திருகித் தந்தியைச் சரிபார்த்தார்.

அந்த அமைதிக்குள் அஜந்தன் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்கு ஒங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆச."

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள்... அதற்குள் எலன் அம்மா வில்லை உயர்த்திவிட்டார். மெதுவான பகுதி ஆரம்பித்தது.

இனிப் பேச முடியாது. இந்தப் பகுதி முடியும்வரை ஒரு சொல்லும் முடியாது.

முழங்காலில் நிறுத்திய அந்தப் பெரிய வாத்தியம் தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சுரமாக இறங்கி வந்தது. பக்கத்தில் அஜந்தன் மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டான், பிரித்தான், மறுபடியும் கோத்தான். பாவம்... எந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறான். ஒரு தலையசைப்பில் அவனுக்குப் பதில் கொடுத்துவிடலாம். அவள் கொடுக்கவில்லை. இப்படி ஒரு காத்திருப்பு வாழ்க்கையில் ஒரே தரம்தான் வரும். அதை முழுசாக அனுபவிக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. மழை தொடங்கிவிட்டது. தேயிலைச் சரிவு மெல்ல மெல்ல வெள்ளையாக மறைந்தது. சொல்லப்போவது என்ன என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யோசித்தாள். அதுவும் சுலபமாகவே வந்துவிட்டது.

கடைசிச் சுரம் மரத்துக்குள் போய் அடங்கியது. மறுபடியும் அந்த அமைதி.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் ஷாமிளா. "கோவமா இருந்த மூணு நாளும்கூடப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அடுத்த ஞாயிறு ஒங்க அம்மாவக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."

அவன் கண்கள் விரிந்தன. நிறைந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "அப்புறம் சொல்லுங்க... ஆரம்பிச்சிட்டாங்க."